ஆற்றோரக் காட்டுப் பாதையில் ஒரு நாள் தனியாக நடக்கலாமா?

நீங்கள் கேட்டதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். இரண்டு வருடமாகக் குழுவோடு ட்ரெக்கிங் போகிறீர்கள். இப்போது ஆற்றை ஒட்டிப் போகும் ஒரு காட்டுப் பாதையில், போக வர 14 கிலோமீட்டர், காலையில் கிளம்பி மாலைக்குள் தனியாகப் போய்வர ஆசை. பாதை 'எளிது' என்று போட்டிருக்கிறார்கள், ஆள் நடமாட்டம் குறைவு. நண்பர்கள் மிருகங்களைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். வழி தவறினால் ஆற்றைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தால் ஊர் வந்துவிடுமா, ஓடையைக் கடக்கும்போது ஷூவைக் கழற்ற வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 'பாதுகாப்பானதா?' என்று எழுதியிருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது 'நான் இதற்குத் தயாரா?' என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

பல வருடங்களாகக் காட்டு நடைக்கு ஆட்களை அழைத்துப் போகிறேன். ஆஸ்பத்திரி எட்டாத இடங்களில் செய்யும் முதலுதவிக்குப் பயிற்சி எடுத்திருக்கிறேன், ஆனால் மருத்துவர் இல்லை. நீங்கள் சொல்லும் பாதையை நான் நடந்ததும் இல்லை. ஆகவே இதில் வருவது எந்த ஆற்றோரத்துக்கும் பொருந்துகிற பொது அறிவு. அந்தக் காட்டின் வனக் காவலர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள். தனியாக நுழையக் கூடாது, வழிகாட்டி கட்டாயம் என்று விதி இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

முதலில் மிருகங்களை முடித்துவிடலாம், உங்கள் நண்பர்களுக்காக. காட்டில் ஆபத்து என்றதும் எல்லோருக்கும் பல்லும் நகமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் விபத்து மரணங்களைப் பார்த்தால், முன்வரிசையில் நிற்பவை வாகன விபத்து, நீரில் மூழ்குதல், தவறி விழுதல் இவைதான். உங்கள் காட்டிலும் கணக்கு அப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். யானையோ கரடியோ நிறைய இருக்கிற காடு வேறு, இல்லாத காடு வேறு. ஆனாலும் ஆற்றோரத்தில் தனியாக நடப்பவர் தினமும் எதிர்கொள்கிற ஆபத்து வழுக்கலும் தண்ணீரும்தான்.

மிருகம் சம்பந்தமாக ஆற்றங்கரைக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. தண்ணீர்ச் சத்தம் உங்கள் காதையும் அடைக்கிறது, மிருகத்தின் காதையும் அடைக்கிறது. சாதாரணக் காட்டில் பெரிய மிருகங்கள் நம் காலடியை முன்கூட்டியே கேட்டு விலகிவிடும். இரைச்சலாக ஓடும் ஆற்றுப் பக்கத்தில், அடர்ந்த புதர், கூடவே ஒரு வளைவு என்றால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எதிர்பார்க்காமல் பத்தடி தூரத்தில் சந்திக்க வாய்ப்பு உண்டு. பயந்த மிருகம்தான் தாக்கும். அதனால் அப்படிப்பட்ட வளைவுகளுக்கு முன்னால் நின்று, உரக்க ஏதாவது பேசி, கை தட்டிவிட்டுப் போங்கள். பையில் மணி கட்டிக்கொள்வதால் பயன் உண்டா என்பது சந்தேகம்தான், மனிதக் குரல் அதைவிட மேல். இயர்போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விடியலிலும் அந்தியிலும் மிருகங்கள் தண்ணீர் குடிக்க வரும், அந்த நேரங்களில் நீங்கள் கரையில் இருக்க வேண்டாம். எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது என்பது மிருகத்துக்கு மிருகம் மாறும். ஒன்றுக்குச் சரியானது இன்னொன்றுக்குத் தவறு. அங்கே என்ன மிருகம் உண்டு, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை வனத்துறை ஆட்களிடம் கேட்டுக்கொள்வதுதான் ஒரே வழி. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள், சிறுத்தை போன்ற பூனை இனத்தைக் கண்டு ஓடாதீர்கள். இந்த இரண்டையும் மட்டும் எங்கேயும் தைரியமாகச் சொல்லலாம்.

சரி, தனியாகப் போவதால் உண்மையில் என்ன மாறுகிறது? விபத்து நடக்கும் வாய்ப்பு பெரிதாக ஏறிவிடுவதில்லை. சொல்லப்போனால் தனியாகப் போகிறவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே நடக்கிறார்கள், பேச்சு சுவாரஸ்யத்தில் பாறையைத் தவறவிடுவது குழுவில்தான் அதிகம். மாறுவது விபத்துக்குப் பிறகு நடப்பது. நாலு பேர் இருந்தால் ஒருவர் உங்களோடு உட்காருவார், இருவர் போய் ஆள் கூட்டி வருவார்கள். கணுக்கால் பிசகியது அன்றைய கதையாக முடிந்துவிடும். தனியாக இருந்தால் அதே கணுக்கால் ஒரு ராத்திரியைக் காட்டில் கழிக்க வைக்கும், மழையும் குளிரும் சேர்ந்தால் உயிருக்கே வினையாகும். ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: மதியம் 1 மணிக்கு நடக்க முடியாமல் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன் என்றால், நான் வரவில்லை என்பது யாருக்கு, எத்தனை மணிக்குத் தெரியும்? அவர்கள் எங்கே தேடுவார்கள்?

இதற்கு வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பதில் தயாராக இருக்க வேண்டும். 'ஆற்றுப் பக்கம் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன்' என்று சொல்லிவிட்டுப் போவது பதில் ஆகாது. நம்பகமான ஒருவரிடம் எழுத்தில் கொடுங்கள். எந்த இடத்தில் நடையைத் தொடங்குகிறீர்கள், எந்தக் கரை வழியாக, எதுவரை போய்த் திரும்புகிறீர்கள், வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள், என்ன நிறச் சட்டை, என்ன நிறப் பை. அப்புறம் இரண்டு நேரங்கள். ஒன்று, திரும்பி வந்து அழைப்பேன் என்று நீங்கள் எதிர்பார்க்கும் நேரம். இன்னொன்று, அதற்குமேல் அழைப்பு வரவில்லை என்றால் அவர் யோசிக்காமல் உதவிக்குச் சொல்ல வேண்டிய நேரம். இந்த இரண்டாவது நேரத்தைத்தான் பெரும்பாலானவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள். அது இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர், 'இன்னும் கொஞ்சம் பார்ப்போமே, வந்துவிடுவான்' என்று இருட்டும்வரை தயங்கிக்கொண்டிருப்பார். யாரை அழைக்க வேண்டும், எந்த எண் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். எழுதிக் கொடுத்த பாதையைவிட்டு வழியில் திட்டத்தை மாற்றக் கூடாது. எதிர்க்கரையில் ஓர் அருவி இருக்கிறது என்று யாரோ சொன்னால் அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்த கரையில்தான் உங்களைத் தேடுவார்கள்.

நேரக் கணக்குக்கு வருவோம். 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன ஒரு கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் 14 கிலோமீட்டரில் மொத்த ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 3 மணி 20 நிமிடம் வரும். ஆனால் இது நல்ல பாதையில் நிற்காமல் நடக்கிற, உடல் தேறிய ஆளுக்கான கணக்கு. ஆற்றோரத்தில் வேர், பாறை, சேறு, விழுந்து கிடக்கும் மரம் என்று வந்துகொண்டே இருக்கும். இதோடு பாதியளவு கூட்டி, ஓய்வுக்கு ஒரு மணி நேரமும் சேர்த்து, 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பாதியளவு கூட்டுவது என் கைக்கணக்கு, அதற்கு வேறு ஆதாரம் கிடையாது. அதைவிட முக்கியம், திரும்பும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்வது. 12 மணி என்று முடிவு செய்தால், 12 மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கிருந்து திரும்ப வேண்டும், முடிவிடம் அடுத்த வளைவில் இருந்தாலும் சரி. பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். மர நிழலும் சேர்ந்தால், வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே கீழே கால் வைக்கும் இடம் தெரியாமல் போகும். பகல் நடைதானே என்று டார்ச்சை விட்டுவிடாதீர்கள். தலையில் மாட்டும் விளக்கு இருந்தால் நல்லது, கை இரண்டும் சும்மா இருக்கும்.

இனி ஆறு. தனியாகப் போகிறவர் தண்ணீரில் இறங்கிக் குளிக்கக் கூடாது என்பது என் கறாரான அபிப்பிராயம். நீச்சல் தெரியும் என்பது இங்கே உதவாது. குளிர்ந்த தண்ணீர் அதே குளிரில் இருக்கும் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். அதற்கும் முன்னால், திடீரென்று மிகவும் குளிர்ந்த நீரில் விழுந்தவுடன் மூச்சு தானாகவே திக்கென்று உள்ளிழுக்கும். அந்த முதல் நிமிடத்தில் தலை நீருக்குள் இருந்தால் எவ்வளவு நல்ல நீச்சல்காரரும் தண்ணீரைக் குடித்துவிடுவார். வெப்பமான பகுதி ஆறுகளில் இந்தக் குளிர் அதிர்ச்சி அவ்வளவாக இருக்காது. ஆனால் சுழலும், பாறை இடுக்கும், மேலே அமைதியாகத் தெரிந்து அடியில் இழுக்கும் மடுவும் எல்லா ஆற்றிலும் உண்டு.

தண்ணீரில் இறங்காவிட்டாலும் விளிம்பு இருக்கிறது. ஆற்றுப் பாறையை உற்றுப் பார்த்தால் அதில் ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு மேலே பாறை வெளுத்துச் சொரசொரப்பாக இருக்கும். கீழே கறுத்து, லேசாக மினுங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கறுப்பு, கண்ணுக்குப் பச்சையாகத் தெரியாத மெல்லிய பாசிப் படலம். ஷூவின் அடிப்பாகம் எவ்வளவு பல் பல்லாக இருந்தாலும் அதில் நிற்காது. பச்சைப் பாசியைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கிவிடுகிறார்கள், ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் இந்தக் கறுப்புப் பாசிதான். பட்டை உரிந்த ஈர வேரும் இப்படித்தான், அதுவும் பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கிடந்தால் ரொம்ப மோசம். வேரை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். படம் எடுக்கும்போது நடக்காதீர்கள், நடக்கும்போது படம் எடுக்காதீர்கள். அருவியின் தலைப்பக்கம் தண்ணீர் தேய்த்துத் தேய்த்து வழவழப்பான பாறை, அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை.

ஓடைகளைக் கடக்க வேண்டியிருந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரு குச்சியைத் தண்ணீரில் போட்டு, அதோடு சேர்ந்து கரையில் நடந்து பாருங்கள். குச்சி உங்கள் நடையை முந்துகிறது என்றால் இறங்க வேண்டாம். முழங்காலுக்கு மேல் ஆழம், அடி தெரியாத கலங்கல், மிதந்து வரும் கிளைகள், உருளும் கற்களின் மந்தமான சத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும், கண்ணுக்கு அது அப்படித் தெரிவதில்லை. கடக்கலாம் என்று பட்டால் அகலமான இடத்தைத் தேடுங்கள். குறுகிய இடம் கிட்டத்தில் தெரிந்தாலும் அங்கேதான் ஆழமும் வேகமும். வளைவில் வெளிப்பக்கம் ஆழம், உள்பக்கம் மேடு. நீங்கள் கடக்கும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அருவியோ, ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரமோ இருந்தால் வேறு இடம் பாருங்கள், ஏனென்றால் மரக்கிளைகள் தண்ணீரை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, ஒரு கம்பை மூன்றாவது காலாக ஊன்றி, நீர் வரும் திசையைப் பார்த்தபடி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்தி மெதுவாகப் போங்கள். அப்படியும் இழுத்துக்கொண்டு போனால் மல்லாந்து, காலை முன்னே நீட்டி, கட்டை விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி மிதங்கள். ஓட்டத்தின் நடுவில் எழுந்து நிற்க முயல வேண்டாம், பாறை இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் முதுகைத் தள்ளி முகத்தை அமுக்கிவிடும்.

அப்புறம், போகும்போது கடந்த ஓடையைத் திரும்பும்போதும் கடக்க வேண்டும். காலையில் கணுக்கால் அளவு இருந்தது மதிய மழைக்குப் பிறகு இடுப்பளவு இருக்கலாம். உங்கள் தலைமேல் மழையே பெய்ய வேண்டியதில்லை, மேலே மலையில் பெய்தால் போதும். கரையில் உட்காரும்போது நீர் விளிம்பில் ஒரு சிறு குச்சியை நட்டு வையுங்கள், எழும்போது அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் நுரையும் சேர்ந்து வந்தாலும், மேலே இரைச்சல் கூடினாலும் உடனே மேட்டுக்கு ஏறுங்கள், பாதையில் ஓடாதீர்கள். மேலே அணை இருக்கிறதா என்று முன்பே விசாரித்துவிடுங்கள், அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் வானம் பார்த்து வருவதில்லை. பனி உருகி வரும் ஓடையாக இருந்தால் விடியலில் குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் ஓடும். ஓடை பெருகி அக்கரையில் மாட்டிக்கொண்டால் காத்திருப்பதுதான் வழி. சின்ன ஓடைகள் சீக்கிரம் பெருகும், மழை விட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்தும்விடும். பெரிய ஆறு அப்படி இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த இரண்டாவது நேரம் இப்போது கை கொடுக்கும். யாருக்கும் சொல்லாமல் வந்தவர்தான், 'இருட்டிவிடுமே' என்ற பயத்தில் பெருகிய ஓடையில் இறங்குகிறார்.

வழி தவறினால் ஆற்றைப் பின்தொடரலாமா? பாதி உண்மை. மேல்நோக்கிப் போகும்போது ஒவ்வொரு சங்கமத்திலும் ஆறு இரண்டாகப் பிரிந்து காட்டும், அங்கே கிளையாற்றை ஆறென்று நினைத்துத் தவறான பள்ளத்தாக்கில் நுழைந்துவிடுவது சுலபம். கீழ்நோக்கி வரும்போது எல்லாம் வந்து சேரத்தான் செய்யும், அந்த வகையில் ஆறு நல்ல வழிகாட்டி. ஆனால் பாதை ஓர் இடத்தில் ஆற்றைவிட்டு மேலே ஏறுகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். கீழே செங்குத்துப் பாறையோ, அருவியோ, கரையே இல்லாத இடுக்கோ இருக்கும். 'ஆற்றை விடக் கூடாது' என்று பிடிவாதமாக இறங்கினவர்கள் மேலேயும் ஏற முடியாமல், கீழேயும் இறங்க முடியாமல் நிற்பது அங்கேதான். அதனால் வழி சந்தேகம் என்று பட்டதும் நில்லுங்கள், உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்கு வந்த வழியே திரும்புங்கள். அது முடியவில்லை, வெளிச்சமும் போகிறது என்றால் இருந்த இடத்திலேயே இருங்கள். நகராமல் இருப்பவரைத் தேடுவது சுலபம். ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: இரைச்சலான இடத்தில் உட்காராமல், சத்தம் அடங்கும் இடம்வரை கரையிலிருந்து விலகுங்கள். நீரின் பக்கத்தில் இருந்தால் தேடி வருபவர் கூப்பிடுவது உங்களுக்குக் கேட்காது, உங்கள் விசிலும் அவர்களுக்குக் கேட்காது. விசில் கட்டாயம் வேண்டும், தொண்டை அரை மணியில் கட்டிவிடும். ஆல்ப்ஸ் மலை வழக்கப்படி நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊத வேண்டும். வட அமெரிக்காவில் மூன்று மூன்றாக ஊதுவார்கள். சீராகத் திரும்பத் திரும்ப வந்தால் எதுவானாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

போனை நம்பலாமா என்றால், வழி பார்க்க நம்பலாம், கூப்பிட நம்ப முடியாது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் ஜிபிஎஸ் ஏர்பிளேன் மோடிலும் வேலை செய்யும், சிக்னல் தேடித் தேடி பேட்டரி தீருவதும் குறையும். ஆழமான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் அது காட்டும் இடம் பல மீட்டர் தள்ளி இருக்கலாம். நீங்கள் இருக்கும் கரைக்குப் பதிலாக எதிர்க்கரையில் புள்ளி தெரிந்தால் பதற வேண்டாம். அழைப்பு போகாத இடத்தில் சில நேரம் குறுஞ்செய்தி போகும். பல நாடுகளில் 112 என்ற அவசர எண்ணுக்கு, உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் கிடைக்கிற வேறு நெட்வொர்க் வழியாக அழைப்பு போகும். எந்த நெட்வொர்க்குமே இல்லாவிட்டால் அதுவும் போகாது. செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவிகள் உண்டு, தனியாக அடிக்கடி போகிறவருக்கு நல்ல முதலீடு. ஆனால் சில நாடுகளில் அவற்றை அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள்.

காயங்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கணுக்கால் பிசகினால் முதலில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் மூச்சு வாங்குங்கள். நாலு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை என்றால் எலும்பு முறிவாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நடக்க முடிகிறது என்றால் ஷூவைக் கழற்றாமல் மேலேயே துணியால் இறுக்கிக் கட்டி வெளியேறுங்கள் என்பதே எனக்குச் சொல்லித் தந்தது, கழற்றினால் வீங்கி மறுபடி உள்ளே போகாது. கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும் என்கிறவர்களும் உண்டு. விரல்கள் மரத்துப் போனால் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

பாம்புக் கடியில் சந்தேகமே இல்லாதவை: கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கயிறு கட்டக் கூடாது, மோதிரம், கடிகாரம், கொலுசைக் கழற்றிவிட வேண்டும், கடிபட்ட கை காலை அசைக்காமல் விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அழுத்தமாக பேண்டேஜ் சுற்றுவது ஆஸ்திரேலியாவில் பரிந்துரைக்கப்படுகிறது, எல்லா வகைப் பாம்புக்கும் அது பொருந்தாது. அங்கே என்ன பாம்பு என்பதைப் பொறுத்து உள்ளூர் மருத்துவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். அசையக் கூடாது என்பதும் நடந்தே வெளியேற வேண்டும் என்பதும் தனியாக இருப்பவருக்கு முட்டிக்கொள்கிற இடம் இது. சிக்னல் இருந்தால் அசையாமல் இருந்து உதவி கேளுங்கள். இல்லை, யாரும் வர வழியும் இல்லை என்றால் ஓடாமல், மெதுவாக, நின்று நின்று நடந்து வெளியேறுவதைத் தவிர வேறு வழி இல்லை. இது சிறந்த யோசனை என்று சொல்ல மாட்டேன், இருப்பதில் பரவாயில்லாதது.

தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்பது தொடக்கக் கணக்கு, வெயில் கூடினால் அதுவும் கூடும். ஆற்று நீர் கண்ணாடி போல் இருந்தாலும் அப்படியே குடிக்க வேண்டாம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்தால் போதும், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். கையடக்க வடிகட்டிகள் பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் பிடிக்கும், வைரஸைப் பெரும்பாலானவை பிடிக்காது. குளோரின் மாத்திரை போட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அதற்கும் சாகாத ஒட்டுண்ணி உண்டு.

இப்போது, நீங்கள் தயாரா? இரண்டு வருடக் குழு அனுபவம் நல்லதுதான். ஆனால் அந்த நடைகளில் வழி பார்த்தது யார்? வரைபடம் யார் கையில் இருந்தது, எப்போது திரும்புவது என்று முடிவு செய்தது யார்? எல்லாவற்றுக்கும் பதில் 'வேறு யாரோ' என்றால், இத்தனை நாள் நீங்கள் நடந்தது முன்னால் போனவரின் முதுகைப் பார்த்துத்தான். அதில் தவறில்லை, ஆனால் தனியாகப் போக அது போதாது. அடுத்த குழு நடையில் நீங்கள் முன்னால் போங்கள். சங்கமங்களை நீங்களே வரைபடத்தில் அடையாளம் காணுங்கள், ஓடைகளை நீங்களே எடை போடுங்கள், கூட வருபவர்கள் வாயைத் திறக்காமல் இருக்கட்டும். அது நன்றாகப் போனால், ஏற்கெனவே நடந்து பழகிய ஒரு பாதையில், பாதித் தூரம் தனியாகப் போய் வாருங்கள். முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொரு சருகுச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்ப்பீர்கள், பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே அடங்கிவிடும். அடங்காமல் வேகமாக நடந்து முடித்துவிடலாம் என்று தோன்றினால், பயத்தில் எடுத்துவைக்கிற அவசர அடிகள்தான் வழுக்கும், அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு உங்கள் 14 கிலோமீட்டர். மழைக் காலம் இல்லாத, வானிலை அறிக்கை சுத்தமாக இருக்கும் ஒரு நாளாகப் பார்த்து. நான் போகாதே என்று சொல்லவில்லை. தனியாக நடப்பவர் பேசாமல் நடப்பதால், குழுவாகப் போகிறவர்கள் விரட்டிவிடும் பறவைகளையும் நீர்நாய்களையும் அவர்தான் பார்க்கிறார். ஒரு பாறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், 'போகலாமா' என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக ஷூ. கழற்றாதீர்கள். வெறுங்காலில் வட்டக் கற்கள்மேல் நடக்கும்போது வலி வரும், வலி வந்தால் சமநிலை போகும், ஒரு கூரான கல் பாதத்தைக் கிழித்தால் மிச்சத் தூரமும் அந்தக் காலோடுதான். சாக்ஸை மட்டும் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஷூவோடு இறங்குங்கள். அக்கரை போனதும் ஷூவுக்குள் இருக்கும் தண்ணீரைக் கொட்டி, உள் அட்டையை எடுத்துப் பிழிந்து, காலைத் துடைத்துக் காய்ந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டால் அரை மணி நடையில் ஈரம் பெரிதாகத் தெரியாது. தண்ணீர் புகாத ஷூ என்று விற்பதில் ஒரு சிக்கல்: மேல்வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியேயும் வராது. ஓடைகள் நிறைய இருக்கும் பாதைக்கு, சீக்கிரம் காயும் மெல்லிய வலைத்துணி ஷூவே மேல். இன்னொரு ஜோடி சாக்ஸைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பைக்குள் மேலாகவே வையுங்கள்.